மாய நாயகியும் மாக்ஸ்வெல்லின் பூதமும்

அறிவியல் பயிலும் மாணவர்கள் மாய மந்திரக் கதைகளைப் படிக்கலாமா? படித்தால் அறிவியல் மனப்பான்மை கெட்டுவிடாதா? பெற்றோர் பலரும், ஏன், ஆசிரியர் சிலரும்கூட இவ்வாறு கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் கூடாது என்று தீர்ப்புக் கூறுமுன், அக்கதைகளில் வாசகரைப் பிடித்து நிறுத்துவது எது என்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது. அவ்வாறு ஆராய்ந்தால், இயற்பியல் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான ஒன்று அங்கே ஒளிந்திருப்பது புலப்படும்.

அமெரிக்காவில் சென்ற நாற்பது ஆண்டுகளாக ஒரு வகைப் புதினங்கள் பெருகி வந்துள்ளன. 'அர்பன் ஃபேன்டஸி' என்பது அவற்றின் பெயர். நாம் நகர மாயக்கதைகள் என்று கூறலாம். பழைய மாயக்கதைகளில் அரண்மனையும் அடர்ந்த காடும் ஏழு கடலும் வரும். இவற்றிலோ காவல் நிலையமும் உணவு விடுதியும் கார்ப் பட்டறையும் வரும். அவற்றினிடையே இரத்தக் காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் உலவுவார்கள். எம்மா புல் என்பவர் மினியாபொலிஸ் நகரைக் களமாக வைத்து 1987-இல் எழுதிய நாவலை இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கொள்வர். பின்னர் வந்த தொடர்களுள் பலவற்றில் கதையை நடத்திச் செல்பவள் ஒரு பெண். இயற்கையை மீறிய ஆற்றல் ஒன்று அவளுக்கு உண்டு. தொடக்கத்தில் அது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு விதியை மட்டும் மீறுதல்

எச். ஜி. வெல்ஸ் தம் கதைத் தொகுப்பு ஒன்றுக்கு 1930-களில் எழுதிய முன்னுரையில் இந்த நுட்பத்தை விளக்கியுள்ளார். நடவாத செய்தி ஒன்றை மட்டும் நம்பும்படி வாசகரைக் கேட்டுக்கொண்டு, ஏனைய எல்லாவற்றையும் அன்றாட உலகமாகவே காட்ட வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். நகர மாயக்கதைகள் இதனைப் பெரும்பாலும் பின்பற்றுகின்றன.

பாட்ரிசியா பிரிக்ஸ் 2006-இல் தொடங்கிய தொடரின் நாயகி மெர்சி தாம்சன் ஒரு கார் மெக்கானிக். நினைத்த மாத்திரத்தில் கயோட்டி என்னும் வட அமெரிக்கச் சிறு ஓநாயாக உருமாற வல்லவள். இங்கே நாம் பென்சிலைக் கையில் எடுப்போம். ஒரு பெண்ணின் நிறை 55 கிலோகிராம், கயோட்டியின் நிறை 15 கிலோகிராம் எனக் கொண்டால், மீதி 40 கிலோகிராம் எங்கே போயிற்று? ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி அது முழுவதும் ஆற்றலாக மாறியிருந்தால் கிடைப்பது 3.6 × 10¹⁸ ஜூல். கதை நடக்கும் இடம் வாஷிங்டன் மாநிலத்தில் ரிச்லண்ட், கென்னவிக், பாஸ்கோ என்னும் மூன்று ஊர்கள் சேர்ந்த பகுதி. அதற்கு அருகிலுள்ள ஹான்ஃபோர்டில்தான் 1945-இல் நாகசாகியில் வீசப்பட்ட குண்டுக்கான புளுட்டோனியம் தயாராயிற்று. அந்தக் குண்டு வெடித்தபோது ஆற்றலாக மாறிய நிறை ஏறத்தாழ 1 கிராம்தான். மெர்சி ஒவ்வொரு முறை உருமாறும்போதும் அதைப் போல் 40,000 மடங்கு வெளிப்பட வேண்டும். பட்டறை மிஞ்சுமா?

இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவரும் கதையைக் கீழே வைப்பதில்லை. அந்த ஒரு மீறலுக்கு அவர் இசைந்துவிட்டார். மற்றபடி மெர்சியின் கை எண்ணெய்ப் பிசுக்கேறியே இருக்கிறது. வண்டிகளை அவள் கையால் பழுது பார்த்தே தீர வேண்டும்.

மனத்தைப் படிப்பவளின் துன்பம்

சார்லைன் ஹாரிஸ் 2001-இல் தொடங்கி 2013-இல் முடித்த 13 நாவல்களின் நாயகி சூக்கி ஸ்டாக்ஹவுஸ். லூசியானா மாநிலத்தில், ஆசிரியை கற்பித்துக் கொண்ட ஒரு சிற்றூரின் மது விடுதியில் பரிமாறும் பெண். (நகர மாயக்கதை என்பது இங்கே பெயரளவில்தான்!) பிறர் மனத்தில் ஓடுவது அவளுக்குக் கேட்கும்.

மூளையிலிருந்து செய்தி ஏதும் வெளியே வருவதில்லையா? வருகிறது. மூளையின் மின்னோட்டங்கள் உண்டாக்கும் காந்தப் புலத்தை டேவிட் கோஹென் 1968-இல் முதன்முதலாக அளந்து காட்டினார். அதன் அளவு சுமார் 10⁻¹³ டெஸ்லா. புவியின் காந்தப் புலத்தில் ஏறக்குறைய 50 கோடியில் ஒரு பங்கு. அதனை அளப்பதற்குக் காந்தத் தடுப்பு அமைந்த தனி அறையும், திரவ ஹீலியத்தால் −269 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்ட உணரிகளும் நெடுங்காலம் தேவைப்பட்டன. அப்படி அளந்தாலும் மூளையின் எந்தப் பகுதி எப்போது இயங்குகிறது என்பதை அறியலாமேயன்றி, எதிரே இருப்பவரின் எண்ணங்களைப் பேச்சைப் போலக் கேட்டுவிட முடியாது.

சூக்கியின் துன்பமோ இதற்கு நேர்மாறானது. செய்தி கிடைக்கவில்லை என்பதல்ல, நிற்கவில்லை என்பதே அவள் குறை. தட்டேந்தி மேசைக்கு மேசை நடக்கும்போது ஒவ்வொருவர் மனமும் இரைகிறது. அதை அடைத்து வைக்க அவள் ஓயாது முயல வேண்டியிருக்கிறது. களைத்துப் போனால் அடைப்பு நழுவிவிடுகிறது. ஊரார் அவளைச் சற்றுப் பேதலித்தவள் என்றே எண்ணுகிறார்கள். ஒருநாள் விடுதிக்குள் ஒரு காட்டேரி நுழைகிறான். அவன் மனத்திலிருந்து ஒலியே வருவதில்லை. அவளுக்கு அவன்மேல் ஈர்ப்பு உண்டாவதற்கு அந்த அமைதி பெரிய காரணம். வானொலி இரைச்சலோடு போராடியவர்களுக்கு இது நன்கு விளங்கும்! ஆற்றல் படைத்த நாயகியை வாசகர் நேசிப்பது அவள் வெல்வதனால் மட்டுமன்று. எந்த ஆற்றலாலும் தீராத கூலி வேலையும் ஊர்ப் பழியும் அவளுக்கும் உண்டு. பெண் வாசகர்கள் தங்களை அங்கே காண்பதில் வியப்பில்லை.

இயற்பியலில் ஒரு பூதம்

மாய ஆற்றல் படைத்த பாத்திரம் இயற்பியலுக்குப் புதிதன்று. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1867-இல் தம் நண்பர் டெயிட்டுக்கு எழுதிய கடிதத்தில் அப்படி ஒன்றைக் கற்பனை செய்தார். வாயு நிறைந்த பெட்டி, நடுவில் தடுப்பு, தடுப்பில் ஒரு சிறு கதவு. கதவருகே மிக நுண்ணிய உயிர் ஒன்று நின்று, விரைந்து வரும் மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவாக வருபவற்றை மறுபக்கமும் அனுப்புகிறது. வேலை எதுவும் செய்யாமலே ஒரு பக்கம் சூடேறும், மறுபக்கம் குளிரும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பொய்த்துப் போகும்! இவ்வுயிருக்குப் 'பூதம்' என்னும் பெயரை வழங்கியவர் வில்லியம் தாம்சன்.

பூதம் இருக்கிறது என்று மாக்ஸ்வெல் நம்பவில்லை. ஆனால் அதனைத் துரத்தி நூறாண்டுக்கு மேல் அறிஞர்கள் ஓடினார்கள். மூலக்கூறுகளைப் பிரித்தறிந்த பூதம் அச்செய்தியை நினைவில் கொள்ள வேண்டுமன்றோ? அதன் நினைவு ஒருநாள் நிரம்பிவிடும். தொடர்ந்து இயங்க வேண்டுமானால் பழையவற்றை அழித்தாக வேண்டும். ஒரு பிட் செய்தியை அழிக்கக் குறைந்தது இவ்வளவு வெப்பம் வெளிப்பட்டே தீரும் என்று 1961-இல் ரால்ஃப் லண்டவர் காட்டினார். அறை வெப்பநிலையில் அது சுமார் 2.9 × 10⁻²¹ ஜூல். பூதம் ஈட்டியது அந்தக் கடனிலேயே கழிந்துவிடும் என்று 1982-இல் சார்லஸ் பென்னெட் விளக்கினார். பூதத்துக்கும் விலை இருந்தது; அது மறப்பதற்கான விலை.

ஆகவே நகர மாயக்கதையின் வாசகர் கேட்பதும் இயற்பியலார் பூதத்திடம் கேட்டதும் ஒரே கேள்விதான். சரி, உன்னால் இது முடியும். இதற்கு நீ தரும் விலை என்ன?

லாரல் ஹாமில்டன் 1993-இல் தொடங்கிய தொடரில் இதற்குத் தெளிவான விடை உண்டு. செயின்ட் லூயி நகரத்து அனிதா பிளேக்கின் தொழில் இறந்தவர்களை எழுப்புவது. அதற்கென ஒரு நிறுவனம், மேலதிகாரி, சம்பளம் எல்லாம் உண்டு. அண்மையில் இறந்தவரை எழுப்பக் கோழி போதும். பழைய பிணத்துக்கு ஆடு வேண்டும். காலம் ஏற ஏறப் பலியும் பெரிதாகும். 1994-இல் வெளிவந்த நாவலில், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழமையான பிணத்தை எழுப்பப் பத்து இலட்சம் டாலர் தருவதாக ஒரு செல்வந்தன் வருகிறான். அதற்கு வேண்டிய பலி எதுவென்று வாசகரே கணக்கிட்டுவிடலாம். அவள் மறுக்கிறாள். அங்கிருந்துதான் கதை சூடு பிடிக்கிறது. விலைப்பட்டியல் முன்பே தெரிந்திராவிட்டால் அந்த மறுப்புக்கு எடையே இராது.

இவ்வகைத் தொடர்கள் சலிப்பூட்டும் இடமும் இதுவே. நெருக்கடி வரும்போதெல்லாம் நாயகிக்குப் புதிய ஆற்றல் ஒன்றை ஆசிரியர் வழங்கத் தொடங்கினால், தேர்வின் நடுவே விடைத்தாளைத் திருத்திக் கொடுப்பது போல் ஆகிவிடும். நீண்டு செல்லும் தொடர்கள் சிலவற்றில் இக்குறையை நான் கண்டிருக்கிறேன்.

அட்லாண்டாவில் மின்னல்

எனக்கு மிகவும் பிடித்தது, இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதி 2007-இல் தொடங்கிய கேட் டேனியல்ஸ் தொடர். அதில் அட்லாண்டா நகரின் மேல் மாயம் அலை அலையாக வந்து போகும். அலை வீசும்போது மின்விளக்குகள் அணையும், துப்பாக்கி வெடிக்காது. அலை ஓய்ந்தால் மந்திரம் பலிக்காது. எனவே கேட் வாளேந்தித் திரிகிறாள். அவளுடைய இரத்தம் அவள் பிறப்பைக் காட்டிக் கொடுக்கும் என்பதால், காயம் பட்டால் இரத்தக் கறை படிந்த துணிகளை எரித்துவிட வேண்டியிருக்கிறது. இரத்தக் கறையின் டி.என்.ஏ.-வைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் இன்றைய உலகில் இந்த அச்சம் அவ்வளவு மாயமானதன்று.

இந்நகரத்தின் விதியை ஒருமுறை வகுப்பில் சொல்லி, வெடிமருந்து எரியாத இடத்தில் மெழுகுவத்தி எரிவது எப்படி என்று கேட்டேன். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. மாய அலை வீசும் நேரத்தில் இடி மழை வந்தால் மின்னல் உண்டாகுமா, அதுவும் மின்சாரம்தானே என்று ஒரு மாணவன் கேட்டான்.

"உண்டாகும் சார்" என்றாள் இரண்டாம் வரிசையில் இருந்த மாணவி. "மனிதன் செய்த கருவிகள்தாம் நிற்கின்றன. மின்னலை யாரும் செய்யவில்லை. நரம்பிலும் 70 மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. அது நின்றுவிட்டால் கேட்டே உயிரோடு இருக்க மாட்டாளே?"

"அப்படியானால் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்?" என்றான் அவன்.

மணி அடித்த பிறகும் இருவரும் எழுந்து போகவில்லை.