வருமா, போகுமா? விளம்பர வாசகமும் தமிழ் வினையும்

‘டைரக்ட் ஃப்ரம் த டீ கார்டன் டு த டீ பாட்’ என்ற லிப்டனின் பழைய விளம்பர வாசகத்தில் வினைச்சொல்லே கிடையாது. தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். அதற்குமுன் இலங்கைத் தேயிலை கொழும்பு ஏலம், லண்டன் ஏலம், தரகர், மொத்த வியாபாரி என்று பல கை மாறித்தான் கடைக்குப் போனது. தன் தேயிலைக்கு இடைத்தரகர் இல்லை என்பதே லிப்டன் சொல்ல வந்த செய்தி. ‘நேரே’ என்பது உருவகம்தான். கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்துக் கப்பலேற்றாமல் எந்தத் தேயிலையும் எந்தப் பாத்திரத்துக்கும் போனதில்லை.

இந்த வாசகத்தைத் தமிழாக்க உட்காருபவருக்கு முதல் சிக்கல் அந்த இல்லாத வினை. ‘தோட்டத்திலிருந்து கோப்பைக்கு’ என்று நிறுத்தினால் வாசிப்பவர் மனம் ஒரு வினையைத் தானே சேர்த்துக்கொள்ளும். எதைச் சேர்க்கும் என்பது அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. லண்டனில் இருப்பவருக்குத் தேயிலை வருகிறது. தேயிலை விளையும் இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ டிக்கோயாவிலோ இருப்பவருக்கு அது போகிறது. தமிழில் ‘வா’வும் ‘போ’வும் பேசுபவரின் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில வாசகம் வினையை விட்டுவிட்டதால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொண்டது. வாங்குபவரின் பக்கம் நின்று எழுதுவதே விளம்பரத்தின் வேலை என்பதால் ‘வருகிறது’ சரி. ஆனால் மலையகச் சந்தியில் நிற்கும் பலகையில் அதே ‘வருகிறது’ சற்று வேடிக்கையாகத்தான் ஒலிக்கும். இரண்டுக்கும் பொதுவான வழி, நகர்ச்சியை விட்டுவிட்டுச் செயலைப் பிடிப்பது: ‘தோட்டத்தில் பறித்தது, உங்கள் கோப்பையில்.’ இதில் பறித்த கையும் கொஞ்சம் தெரிகிறது. ஆங்கில மூலத்தில் அந்தக் கைக்கு இடமில்லை.

‘பறி’ என்ற வினையிலும் கவனம் வேண்டும். கொழுந்தோடு சேர்ந்தால் அது தொழில். வேறு சில பெயர்களோடு சேர்ந்தால் வழிப்பறி. ‘மலைத் தோட்டத்தையே பறித்துத் தருகிறோம்’ என்று யாராவது உற்சாகத்தில் எழுதினால், தோட்டத்தில் பிறந்தவருக்குச் சிரிப்பு வராது.

உருவகம் வினையிலேயே உட்கார்ந்திருக்கும் வாசகங்கள் இன்னும் கடினமானவை. 1930களில் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியவற்றின் தேயிலைத் தொழில்துறையினர் சேர்ந்து, சர்வதேசத் தேயிலைச் சந்தை விரிவாக்கச் சபையை அமைத்தார்கள். ‘மிஸ்டர் டீ பாட்’ என்ற சிரித்த முகத் தேநீர்ச் சாடியை உலகுக்குத் தந்தது அந்தச் சபைதான். அது பரப்பிய வாசகம் ‘டீ ரிவைவ்ஸ் யூ’. மூன்றே சொல். ‘ரிவைவ்’ என்பதற்கு அகராதி முதலில் நீட்டுவது ‘உயிர்ப்பி’. கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கர் காதில் அது உயிர்த்த ஞாயிறு. மற்றவருக்குப் பிணம் எழுந்து உட்காருவது. ‘புத்துயிர் ஊட்டும்’ என்றால் நலிந்த கூட்டுறவுச் சங்கத்துக்கு நிதி ஒதுக்கிய செய்தி. ‘புத்துணர்ச்சி தரும்’ பிழையில்லை, ஆனால் சவர்க்காரமும் பவுடரும் அதை எப்போதோ தேய்த்துத் தீர்த்துவிட்டன.

உண்மையில் சிக்கல் சொல்லில் இல்லை, எழுவாயில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தேநீர் எழுவாயாகி ஆளுக்கு ஏதோ செய்கிறது. தமிழ்ப் பேச்சில் உயிரில்லாத பொருள் அவ்வளவு எளிதாக வேலை செய்யாது, நடப்பதுதான் நடக்கும். தேத்தண்ணி குடித்தால் களைப்பு தீரும், களைப்பு ஆறும், களைப்பு பறந்துபோகும். ஆகவே களைப்பை எழுவாயாக்கி, அதற்குப் பழகிய வினையைக் கொடுத்தால் உருவகம் தானாக வந்துவிடுகிறது: ‘ஒரு வாய் தேத்தண்ணி, களைப்பு பறக்கும்.’ ‘ரிவைவ்’ எங்கே போனது என்று நிறுவனத்தின் தலைமையகம் கேட்கலாம். அந்த வேலையைப் ‘பறக்கும்’ செய்கிறது என்பதே பதில்.

உயரத்தில் விளையும் தேயிலையை விற்பவர்களுக்கு மூடுபனி தவிர்க்க முடியாத சரக்கு. 4,000 அடிக்கு மேல் விளைவதே மேட்டுநிலத் தேயிலை. நுவரெலியா நகரம் 6,000 அடிக்கும் மேலே. மலையின் பனியைக் கோப்பையில் ‘கேப்சர்’ செய்ததாக ஆங்கிலத்தில் எழுதினால் அழகு. தமிழில் ‘சிறைப்பிடித்தோம்’ என்றால் பொலிஸ் வாசனை அடிக்கும். இங்கே மொழியே ஒரு வழி வைத்திருக்கிறது. மலையில் பனி இறங்கும். கொதிநீரில் தேயிலைச் சாயமும் இறங்கும். ‘பனி இறங்கும் மலை, சாயம் இறங்கும் கோப்பை’ என்றால் ஒரே வினை இரண்டையும் கட்டிவிடுகிறது, பிடிப்பதும் அடைப்பதும் தேவையில்லை. சாயத்துக்கு ‘வெளுக்கும்’ என்ற வினையை மட்டும் மறந்தும் சேர்க்கக் கூடாது. சாயம் வெளுத்தால் குட்டு உடைந்தது என்று பொருள்.

வினையின் வலிமையை அச்சு விளம்பரக்காரர்களைப் போலவே தோட்டங்களுக்கு ஆள்கட்டிய கங்காணிகளும் அறிந்திருந்தார்கள். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆசை காட்டியே ஆள் திரட்டினார்கள் என்பது மலையகத்தில் வழிவழியாக வரும் பேச்சு. ‘கிடைக்கும்’ என்பதில் தோண்டுபவர் இல்லை, கூலி இல்லை, கடன் இல்லை. செய்பவரைச் சொல்லாமல் பலனை மட்டும் சொல்லும் வினை அது. இன்றும் பரிசுச்சீட்டு முதல் வங்கிக் கடன் வரை அதே வினைதான் ஓடுகிறது.

ஏவல் வினை வரும் வாசகம் ஒப்பீட்டில் எளிது. டில்மா தேயிலையின் நிறுவனர் மெரில் ஜே. பெர்னாண்டோ வெளிநாட்டுத் தொலைக்காட்சி விளம்பரங்களில் தாமே தோன்றிச் சொன்ன ‘டூ ட்ரை இட்’ புகழ் பெற்றது. அதை ‘முயலுங்கள்’ என்றால் மலையேறச் சொன்னதுபோல் ஆகும். ‘குடித்துப் பாருங்கள்’ என்பதில் ‘பார்’ என்ற துணைவினையே ‘ட்ரை’. அந்த ‘டூ’வின் கெஞ்சலுக்குக் கடைசியில் ஓர் ஏகாரம் போதும்: ‘குடித்துப் பாருங்களேன்.’

இலங்கையில் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஒரே பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வருவது இங்கே வழக்கமான காட்சி. பெரும்பாலும் ஆங்கில வாசகத்தின் அளவுக்கே தமிழுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. தமிழ் வினையோ வாக்கியத்தின் கடைசியில், காலமும் மரியாதையும் ஒட்டிக்கொண்டு நீளமாக வரும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் வரியை முறிக்கும்போது முதலில் அடிபடுவது அதுதான். ஆகவே வினையைத் தேர்ந்தவர் அதன் நீளத்தையும் எண்ணிப் பார்த்து, வரி எங்கே முறிய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொடுப்பது நல்லது.