பெயர்தலும் பெயரிடுதலும்

இடம்பெயர்தல் மனித குலத்தின் பழைய வழக்கம். பெயர்ந்து வந்தவருக்கு அரசியல் அரங்கு என்ன பெயர் இடுகிறது என்பதைப் பொறுத்தே அவருடைய உரிமை அமைகின்றது. இதனை நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள கூடங்குளத்தை முன்வைத்து ஈண்டு விளக்க விழைகிறோம்.

1988இல் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்வழி அமைந்த அணுமின் நிலையத்தின் கட்டுமானம் 2002இல் தொடங்கிற்று. முதலிரு உலைகளைத் தொடர்ந்து மேலும் நான்கு உலைகளுக்கான பணிகள் மேற்கொள்ளப்பட்டன. இவற்றிற்கெனப் பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் பெருமளவில் வந்தனர். பெரும்பாலோர் ஒப்பந்தக்காரர்களால் அழைத்து வரப்பட்டோர். 2020 மே மாதப் பொது முடக்கத்தின்போது, ஊர் திரும்ப வழிசெய்யக் கோரி அவர்கள் போராடினர். அதுகாறும் எவர் கண்ணிலும் படாதிருந்தோர் அன்று 'சட்டம் ஒழுங்குச் சிக்கல்' எனப்பட்டனர்.

'எங்கள் மண்ணில் எழுந்த ஆலையில் எங்களுக்கு வேலை எங்கே?' என்று உள்ளூர் இளைஞர் கேட்பது நியாயமான வினாவே. ஆனால், மேடையேறும்போது அது 'வடவர் வெள்ளம்', 'படையெடுப்பு' என உருமாறுகின்றது. வெள்ளத்தை எவரும் அழைப்பதில்லை. தொழிலாளரையோ ஒருவர் அழைத்து வந்தார். உவமையில் அவர் மறைந்துவிடுகிறார். அவர் கொடுத்த கூலி எவ்வளவு, மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் குறித்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமைகளை நிறைவேற்றினாரா என்னும் வினாக்களும் உடன் மறைகின்றன.

இதன் மறுபக்கத்தை 2023 மார்ச்சில் கண்டோம். தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றம் அமளியில் ஆழ்ந்தது. அம்மாநில அரசின் குழுவொன்று தமிழகம் வந்து ஆராய்ந்தது. இங்கே 'வெள்ளம்' எனப்பட்டவர், அங்கே 'பலியானவர்' எனப்பட்டார். இரு பெயர்களும் அவரைக் கேளாமல் இடப்பட்டவையே.

நம் சமுதாயத்துக்கு இது பிறர் கதையன்று. வளைகுடா நாடுகளில் அயல்நாட்டுத் தொழிலாளரை 'வாஃபித்' என்பர். அதே வேரிலிருந்து பிறந்த 'வஃப்த்' என்பது மதிப்புடன் வரவேற்கப்படும் தூதுக்குழுவைக் குறிக்கும். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு 'தூதுக்குழுக்களின் ஆண்டு' என்றே வழங்கப்படுகின்றது. இன்றைய வாஃபிதோ இகாமாவின் காலவரையறையில் வாழ்பவர். 2011இல் சவூதி அரேபியா 'நிதாகத்' திட்டத்தை அறிவித்து, உள்நாட்டவரைக் குறித்த விகிதத்தில் பணியமர்த்த நிறுவனங்களைப் பணித்தபோது நம்மவர் கலங்கினர். கூடங்குளத்து இளைஞர் கேட்பதும் ஏறத்தாழ அதுவே.

கூடங்குளம் வட்டாரப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆ தொழச் சென்றிருந்தோம். பின்வரிசைகளில் வங்காளத் தொழிலாளர் பலர் நின்றனர். தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர், "வடநாட்டுக்காரங்க ரொம்பப் பெருகிட்டாங்க, ஹஜ்ரத்" என்றார். அவர்தம் பிள்ளைகளின் நலம் வினவினோம். "ரெண்டு பேரும் தம்மாம்ல" என்றவர், சற்றுநேரம் பேசாதிருந்தார்.

மதீனாவில் வந்தோர் 'முஹாஜிர்' எனவும், வரவேற்றோர் 'அன்ஸார்' எனவும் பெயர் பெற்றனர். ஒன்று துறந்து வந்தவரையும், மற்றது உதவியவரையும் குறிக்கும். இரண்டும் செயலால் வந்த சிறப்புப் பெயர்கள். எனினும் பனூ முஸ்தலிக் போர்ப் பயணத்தில் இரு தரப்பினரில் ஒவ்வொருவர் பூசலிட்டு, அப்பெயர்களையே கூவித் தத்தம் கூட்டத்தை அழைத்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை அறியாமைக் காலத்து அழைப்பெனக் கண்டித்தார்கள். அப்பூசலையே வாய்ப்பாக்கிய அப்துல்லாஹ் இப்னு உபை, வந்தோருக்கு உதவுவதை நிறுத்தவும் அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றவும் பேசியதைத் திருமறையின் 63ஆம் அத்தியாயம் சுட்டுகின்றது. நற்பெயரும் கூட்டம் சேர்க்கும் கூச்சலானால் நஞ்சாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, புலம்பெயர்ந்தோர் பற்றிய விவாதம் எழுமிடத்து மூன்றை வினவுதல் நம் கடமை: அழைத்தவர் யார்? கூலி எவ்வளவு? இப்பெயரைத் தம்மாமில் உள்ள நம் பிள்ளைக்கு இட்டால் பொறுப்போமா?