போகம்பறையின் நிழலில்

சென்ற ஆண்டு ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து உடை களைந்துகொண்டிருந்த வேளையில், தோட்டத்துத் தாய் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கொலைக் குற்றத்திற்காக அவருடைய மகனுக்கு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்தது. தீர்ப்பு வாசிக்கப்படுகையில் மன்றின் விளக்குகள் அணைக்கப்பட்டதையும் எல்லாரும் எழுந்து நின்றதையும் திரும்பத் திரும்பக் கூறியவர், இறுதியாக, "எப்ப சாமி தூக்குல போடுவாங்க?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. கொலையுண்ட இளைஞனின் தாயும் எமது பங்கைச் சேர்ந்தவரே. அன்றும் பூசைக்கு வந்திருந்தார்.

கண்டியில் வாழும் எமக்குத் தூக்கு என்றதும் நினைவில் எழுவது போகம்பறை. 1876ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அச்சிறைச்சாலை 2014இன் தொடக்கத்தில் மூடப்பட, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். ஆயினும் அந்த இடத்தின் கதை சிறைக்கும் மூத்தது. 1814இல், ஆங்கிலேயரிடம் சென்று சேர்ந்த எகலப்பொலவைப் பழிதீர்க்க, கண்டி மன்னன் அவருடைய பிள்ளைகளின் தலைகளை வெட்டுவித்தான். மனைவியைப் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்திக் கொல்வித்தான். கணவன் செய்ததற்கு மனைவி மக்களுக்குத் தண்டனை! மறு ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம் சித்திரவதையையும் அங்கச் சேதத்தையும் ஒழித்தது. ஆளுநரின் எழுத்தாணையின்றி எவரையும் கொல்லலாகாது என்றும் விதித்தது. அவ்வாறு எழுதியவர்களே 1818இல், கிளர்ந்தெழுந்த கெப்பெட்டிபொலவை இராணுவ நீதிமன்றில் விசாரித்து, அதே போகம்பறையில் தலை துண்டித்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எனினும், தீர்ப்புக்கும் அதன் நிறைவேற்றத்துக்கும் நடுவே ஒரு கால இடைவெளி வேண்டும் என்ற அந்த எண்ணம் நம் நாட்டுச் சட்டத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. சிறு குற்றங்களில் தண்டனையை நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு நீதிபதியுடையது. குற்றத்தின் கொடுமை, குற்றவாளியின் வயது, முன்னைய நடத்தை, குற்றத்தை ஒப்புக்கொண்டாரா என்பன போன்றவற்றை அவர் நோக்குவார்; குறுகிய சிறைத்தண்டனையாயின் அதனை ஒத்திவைக்கவும் முடியும். குற்றவாளியின் பக்கத்தை மட்டுமன்றிப் பொதுமக்களின் பக்கத்தையும் நோக்கவேண்டும் என 1955இலேயே நம் உயர் நீதிமன்றம் நீதிபதிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனால் கொலை என்று தீர்ந்துவிட்டால், தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு நீதிபதிக்குத் தெரிவு எதனையும் விடுவதில்லை. மரணமே தண்டனை. அவர் கையில் எஞ்சுவது ஓர் அறிக்கை. தண்டனையை நிறைவேற்றவோ தவிர்க்கவோ காரணம் உண்டா என்ற தம் கருத்தை அவர் அதில் எழுத, அது சட்டமா அதிபரின் ஆலோசனையோடும் நீதி அமைச்சரின் விதப்புரையோடும் சனாதிபதியைச் சென்றடையும். மேன்முறையீடு வேறு உண்டு.

இத்தனை காவல்களும் இருந்த காலத்தில்தான் 1975 ஆகஸ்டில் போகம்பறையில் அந்த அவலம் நிகழ்ந்தது. பலமுறை சிறையிலிருந்து தப்பியோடிப் பெயர்பெற்ற மரு சிரா, மீண்டும் தப்பாதிருக்க மருந்து கொடுக்கப்பட்டு, உணர்வு மங்கிய நிலையில் தள்ளுபடுக்கையில் தூக்குமேடைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் அதுபற்றி விசாரணை ஆணைக்குழுவே அமைக்க நேர்ந்தது. தன்னைக் கொல்கிறார்கள் என்று அறியவும் இயலாத ஒருவனைக் கொல்வதால் யாருக்கு என்ன நீதி கிடைத்தது? எனக்கு இன்றும் விளங்கவில்லை. மறு ஆண்டு ஜூன் 23க்குப் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் நால்வருக்கான ஆணையில் அன்றைய சனாதிபதி ஒப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. மரண தண்டனை ஏற்கத்தகாதது என மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் மறைக்கல்வி நூலையே திருத்தியதை நம் குடும்பங்களுள் பலர் இன்னும் அறியார்.

இவ்வளவையும் நான் எடுத்துரைத்தால் அந்தத் தாய் ஆறுதல் அடைவார். மற்றத் தாய்? இரக்கம் என்பது அவருடைய இழப்பைக் கடந்து செல்லும் குறுக்குவழியன்று. 2005இல் கொழும்பில் ஓர் இளம்பெண்ணைக் கொன்றவருக்கு 2019 நவம்பரில் வழங்கப்பட்ட பொதுமன்னிப்பை 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியபோது, மன்னிக்கும் அதிகாரமும் சட்டத்துக்கு உட்பட்டதே என்பது தெளிவாயிற்று. தொடக்கநூலில் காயினைக் கடவுள் தண்டித்தார். எவரும் அவனைக் கொல்லாதிருக்க அடையாளமும் இட்டார். அதற்கு முன்னர், மண்ணிலிருந்து எழுந்த ஆபேலின் இரத்தத்தின் கூக்குரலைக் கேட்டார். இந்த வரிசையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அந்தத் தாயிடம், மேன்முறையீடு இருக்கிறது என்றும் 1976க்குப் பின் தூக்கு இல்லை என்றும் கூறினேன். பல்லேகலையில் எந்த நாளில் மகனைப் பார்க்கலாம் என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, மகனுக்காக ஒரு பூசைக் கருத்தும் கொடுத்துச் சென்றார். சில நாள்களில் மற்றவரும் தம் மகனின் ஆண்டுப் பூசைக்காக வந்தார். கருத்துகளை எழுதும் கொப்பியை நான் திறந்தபோது, அதே பக்கத்தில் முன்னவரின் மகனுடைய பெயர் இருந்தது. அவர் அதை வாசித்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, தம் மகனின் பெயரை அதற்குக் கீழே எழுதச் சொன்னார்.