தொட்டிலும் தூளியும்: பச்சிளங்குழந்தை உறங்கும் இடம்

பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பும் நாளில் வந்து சேரும் பரிசுப் பொருள்களுள் குழந்தைப் படுக்கைக்கு முதலிடம் உண்டு. பூப்போட்ட பஞ்சு மெத்தை, குடைபோல் விரியும் கொசுவலை, தலைக்கு ஒரு சிறு தலையணை, இருபுறமும் இரண்டு உருளைத் தலையணைகள் என ஒரே பையில் அடங்கிய அந்தப் படுக்கையை அத்தையோ சித்தியோ அன்புடன் வாங்கி வந்திருப்பார். எங்கள் செவிலியர்கள் அதிலிருந்து தலையணைகளை மட்டும் அகற்றிவிடச் சொல்லும்போது, கொடுத்தவரின் முகம் வாடுவதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகக் கூறிவிடுதல் நன்று.

பிறந்த குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து வலுவற்றது. மென்மையான ஒரு பொருளில் முகம் புதைந்தால் அதை விடுவித்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கிறது. அழக்கூட இயலாமல் போகலாம். நலமாயிருந்த குழந்தை, ஆய்வில் எக்காரணமும் புலப்படாத வகையில் உறக்கத்திலேயே இறந்துவிடுவதைத் திடீர் சிசு மரணம் என்கிறோம். இது பெரும்பாலும் முதல் 6 மாதங்களுக்குள் நிகழ்கிறது. குறைமாதத்திலோ குறைந்த எடையுடனோ பிறந்த குழந்தைகளுக்கும், புகைபிடிப்போர் உள்ள வீட்டில் வளரும் குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து கூடுதல். எனவே படுக்கை கெட்டியாக, சமமாக, குழந்தையைத் தவிர வேறெதுவும் இல்லாததாக இருக்க வேண்டும். பாயின் மேல் பருத்தி விரிப்பை இறுக்கமாக விரித்தால் அதுவே போதும். விலையுயர்ந்த தொட்டில் கட்டாயமில்லை.

குழந்தையை எப்போதும் மல்லாந்த நிலையிலேயே உறங்க வைக்க வேண்டும். பால் கக்கினால் புரையேறிவிடுமே என்று பாட்டிமார்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் உடலின் அமைப்பு அதற்கு நேர்மாறானது. மல்லாந்து படுத்திருக்கையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் அமைகின்றன. மேலேறி வரும் பால் மீண்டும் உணவுக்குழாய்க்குள்ளேயே இறங்கிவிடும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என அறிவுறுத்தியது. 1994-இல் அந்நாட்டில் பெரும் பரப்புரையும் தொடங்கியது. அடுத்துவந்த ஆண்டுகளில் திடீர் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புரையேறி இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில குறைமாதக் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூச்சுத் திணறும் நாட்களில், இதயத்துடிப்பையும் உயிர்வளி அளவையும் கருவி இடைவிடாது கண்காணிக்கும் சூழலில் மட்டும் செய்யப்படும் சிகிச்சை அது. வீட்டில் அக்கருவி இல்லை. உங்கள் குழந்தைக்கு வேறு நிலை தேவையெனில் மருத்துவரே அதைத் தனியாகக் கூறுவார்.

தலை உருண்டையாக அமைய வேண்டும் என்பதற்காகக் கடுகு நிரப்பிய தலையணை வைக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தலை ஒருபுறம் தட்டையாகாமல் இருக்க, ஒருநாள் வலப்புறமும் மறுநாள் இடப்புறமுமாக முகத்தைத் திருப்பிப் படுக்க வைக்கலாம். விழித்திருக்கும் வேளையில், நீங்கள் அருகிலிருந்து பார்த்துக்கொள்ள, சிறிது நேரம் குப்புறக் கிடத்தலாம். அது கழுத்துக்கும் வலுவூட்டும்.

இனித் தூளி. அம்மாவின் பழைய நூல் புடவையில் ஆடி வளர்ந்தவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். அதைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல எங்களுக்கும் மனம் வராது. எனினும் தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, மோவாய் மார்பில் படியும். அவ்வாறு மடங்கிய நிலையில் மூச்சுப்பாதை குறுகிவிடும். இருபுறத்துத் துணியும் முகத்தின் மேல் மூடிக்கொள்வதும் உண்டு. அழுகையை அமர்த்தத் தூளியில் ஆட்டினால், ஒருவர் விழித்தபடி அருகிலேயே இருங்கள். கண் அயர்ந்ததும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். குறைமாதக் குழந்தைக்கு அதுவும் வேண்டாம். காலியான தூளியை அவிழ்த்து வைத்துவிடுங்கள். மூத்த குழந்தைகள் விளையாடும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

தொட்டில் வாங்குவோரும், உறவினர் வீட்டுத் தொட்டிலைப் பெற்றுக்கொள்வோரும் ஓர் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். மெத்தைக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே இரு விரல் நுழையக்கூடாது. பக்கச் சட்டம் கீழிறங்கும் வகைத் தொட்டில்களை அமெரிக்கா 2011-இல் தடை செய்தது. சட்டம் கழன்ற இடைவெளியில் குழந்தைகள் சிக்கி இறந்ததே காரணம். உள்பக்கம் கட்டும் பஞ்சுத் தடுப்புகளுக்கும், 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறங்கு படுக்கைகளுக்கும் 2022-இல் அங்கே தடைச் சட்டம் வந்தது. நம் கடைகளில் இவை கிடைத்தாலும் வாங்க வேண்டாம். சாயம் உரியும் பழைய தொட்டிலையும் தவிர்த்துவிடுங்கள்.

முதல் 6 மாதங்களாவது குழந்தை உங்கள் அறையிலேயே, கைக்கெட்டும் தொலைவில், ஆனால் தனி விரிப்பில் உறங்கட்டும். மது அருந்தியவரோ, உறக்கம் தரும் மருந்து உட்கொண்டவரோ பக்கத்தில் படுக்கவே கூடாது. சோபாவில் அமர்ந்து பாலூட்டியபடியே உறங்கிப்போவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அறுவைப் பிரசவத்துக்குப் பின் களைத்திருக்கும் தாய்மார்களுக்கு இரவில் ஒருவர் துணையிருப்பது அவசியம்.

கை, கால் சில்லென்று இருப்பதைக் கண்டு போர்வைமேல் போர்வை போர்த்த வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் துணி அதிகம். வீட்டுக்குள் உறங்கும்போது குல்லாவும் வேண்டாம். திருஷ்டிக்காகக் கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிற்றையும் சங்கிலியையும் கழற்றிவிடுங்கள், அரைஞாண் இருக்கலாம். கொசுவலை நல்லதே, தொய்வின்றி இழுத்துக் கட்டியிருந்தால். புரளத் தொடங்கிய குழந்தைக்குக் குடைவலை பொருந்தாது. முகம் வலையில் அழுந்தக்கூடும். 6 வாரத் தடுப்பூசிக்கு வரும்போது குழந்தை உறங்கும் இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். செவிலியர் பார்த்து, மாற்ற வேண்டியதைச் சொல்வார்.