பழைய பென்ஸுக்குப் புது வாரண்டியா? இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க!

திருமங்கலத்தில் கிளம்பிக் கொல்லம் வரை போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் வாசுதேவநல்லூரை ஊடறுத்துப் போகிறது. வடக்கே மதுரைச் சந்தை. தெற்கே தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டினால் கேரளச் சந்தை. இரண்டு ஊர் செகண்ட் ஹேண்ட் கார்களும் நமக்குக் கைக்கெட்டும் தூரம்தான். புதிதில் அறுபது லட்சம் சொன்ன வண்டி ஏழெட்டு வருஷம் ஓடியபின் இருபது லட்சத்துக்குள் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது! அந்த ஆசை உச்சத்தில் நிற்கும் நேரம் பார்த்துப் புரோக்கர் சொல்வார்: "அண்ணாச்சி, மேல ஒரு லட்சம் போடுங்க, ஒரு வருஷ வாரண்டியோட தாரேன். இன்ஜின், கியர்பாக்ஸ் எதுன்னாலும் அவன் பாத்துக்கிடுவான்."

யார் அந்த "அவன்"? அதைக் கேட்டுவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி!

இந்தப் பழைய கார் விஷயத்துக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா? 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கட்டுரை அது! வண்டியின் உண்மை நிலை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் "இந்த விலைக்கு நான் ஏன் விற்கணும்" என்று ஒதுங்கிக்கொள்வான். சந்தையில் மோசமான வண்டியே மிஞ்சும். இதற்கு அவர் இந்தியாவிலிருந்தும் ஓர் உதாரணம் தந்தார் என்பதுதான் ஆச்சரியம். நம் கடைத்தெருவில் அரிசியின் நிறத்திலேயே, அரிசியின் வடிவத்திலேயே கல்லைக் கலந்து விற்பதையும், வீட்டுப் பெண்கள் அதைப் பொறுக்கி எடுப்பதையும் எழுதியிருக்கிறார்! 1967-68-இல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர் ஆயிற்றே. 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த நோய்க்கு அதே கட்டுரையில் சொல்லப்படும் மருந்துகளில் ஒன்றுதான் உத்தரவாதம். விற்பவன் உத்தரவாதம் கொடுத்தால், வண்டி கெட்டால் வரும் நஷ்டம் அவன் தலைக்குப் போகிறது. அதனால் வண்டியைப் பார்த்துத்தான் கொடுப்பான். சரி, நீங்கள் கொடுக்கும் ஒரு லட்சத்தில் புரோக்கர் கமிஷனை எடுத்துக்கொண்டு, மீதியை முகம் தெரியாத ஒரு கம்பெனிக்கு அனுப்பினால்? விற்பவன் தலையில் ஒரு காசு நஷ்டமும் இல்லை. பெயர் என்னவோ வாரண்டிதான். ஆனால் வண்டியைப் பற்றி அது உங்களுக்கு ஒரு சேதியும் சொல்லவில்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான்: கியர்பாக்ஸ் போனால் யாருடைய பணம் போகும் என்று முதலில் பாருங்கள்.

அதனால்தான் கார் கம்பெனிகளின் சொந்தப் பழைய கார் திட்டங்களுக்குத் தனி மதிப்பு. மெர்சிடிஸில் "சர்ட்டிஃபைடு", பி.எம்.டபிள்யூ.வில் "பிரீமியம் செலக்ஷன்", ஆடியில் "அப்ரூவ்டு பிளஸ்". வண்டியை அவர்களே லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்து, சரிசெய்து, அவர்களே வாரண்டி தருகிறார்கள். விலை கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் விலையில் பெரும்பங்கு அந்தப் பரிசோதனைக்குத்தான் போகிறது என்பது என் எண்ணம், அது வீண் செலவு இல்லை.

வாரண்டித் தாளில் முதல் பக்கத்தைவிடக் கடைசிப் பக்கம்தான் முக்கியம் என்பது தெரியுமா? "தேய்மானம்" என்ற ஒற்றைச் சொல்லில் பிரேக் பேடு, டயர், பேட்டரி, வைப்பர், பல்பு, ரப்பர் புஷ் எல்லாம் வெளியே போய்விடும். பல சொகுசு கார்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை வைத்த ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். அந்தப் பை ரப்பரால் ஆனது! "ரப்பர் பாகங்கள் சேராது" என்று ஒரு வரி இருந்தால் வண்டியிலேயே செலவு வைக்கிற சாமான்களில் ஒன்று அந்த வரியோடு போச்சு. எலி ஒயரைக் கடித்தால் வாரண்டி வராது. தோட்டத்து வீட்டில், தென்னைக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் வண்டி நிற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடற்கரை ஊரில் ஓடிய வண்டியின் துருவும் வராது. தண்ணீர் புகுந்த வண்டிக்கு அறவே வராது.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை! திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நாம் பார்த்தோம். அதே மாதம் சென்னையில் மிக்ஜாம் புயல். அதற்கு முன் 2018 ஆகஸ்டில் கேரளம், 2015 டிசம்பரில் மறுபடியும் சென்னை. மூழ்கிய கார் எங்கே போகும், தெரியுமா? ரிப்பேர் செலவு இன்ஷூரன்ஸில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழுச் சேதம் என்று கணக்கில் எழுதிவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கழுவித் துடைத்து, ஓட்டும்படி செய்துவிட்டால் அது மறுபடி சந்தைக்கு வரும். வெள்ளம் வந்த ஊர்கள் எல்லாம் நம்மிலிருந்து ஒரு நாள் பயணம்தான்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், காசே ஆகாது. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, இழுக்க இழுக்க வரும் கடைசி முழம் வரை இழுங்கள். வழக்கமாக வெளியே தெரியும் பகுதியைத் தேய்த்துக் கழுவியிருப்பார்கள். உருளைக்குள் சுருண்டு கிடக்கும் கடைசிப் பகுதியில் குறுக்கே ஒரு காவிக் கோடு, விரலில் தடவினால் பொடிமண், மூக்கருகே கொண்டுபோனால் பூஞ்சை வாடை இருந்தால் அந்த வண்டி மூழ்கி எழுந்தது. பிறகு டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னிப் பள்ளத்தைப் பாருங்கள். குனிந்து சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். அங்கே வண்டல் படிந்திருந்தால், போல்ட் தலையில் துரு பூத்திருந்தால், எத்தனை வருஷ வாரண்டி தந்தாலும் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

சாவியே சாட்சி சொல்லும், தெரியுமா! பி.எம்.டபிள்யூ. சாவிக்குள் வண்டி ஓடிய கிலோமீட்டரும் சேஸி எண்ணும் பதிவாகும். சர்வீஸ் சென்டரில் அதற்கான கருவியில் வைத்தால் படித்துவிடுவார்கள். டாஷ்போர்டில் மீட்டரைக் குறைத்தவர் இரண்டாவது சாவியை மறந்திருக்கலாம், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். "2319" என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்த டயர். "இருபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்ற வண்டியில் டயர் இரண்டாம் செட்டாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டாமா? இன்னொன்று. பல பி.எம்.டபிள்யூ. கார்களில் பேட்டரி மாற்றினால் மட்டும் போதாது, மாற்றிய சேதியைக் காரின் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்துக்கொண்டே அது சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்!

"வெளியே சர்வீஸ் விட்டால் வாரண்டி கட்" என்று மிரட்டுவார்கள் அல்லவா? அதற்கு நாட்டின் தொழில் போட்டி ஆணையமே பதில் சொல்லியிருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி உத்தரவில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம்! மெர்சிடிஸும் பி.எம்.டபிள்யூ.வும் அந்தப் பட்டியலில் உண்டு. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலை தப்பாகி அதனால் வந்த சேதத்தை மட்டும்தான் மறுக்கலாம் என்று ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு, வழக்கு என்று போயின. நாம் செய்ய வேண்டியது ஆயில் மாற்றிய சின்ன பில்லைக்கூடப் பத்திரமாக வைத்திருப்பது.

அடுத்தது தூரம். சென்னைக்கு அருகே சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை நடக்கிறது, ஆனால் வாசுதேவநல்லூரில் வண்டி நின்றால் அது ஒன்றுக்கும் உதவாது! மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், திருவனந்தபுரத்துக்கு மலை தாண்டி. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை, அதுவும் நான்கு சக்கர இழுவை வண்டியை, கயிறு கட்டி இழுத்துப் போனால் கியர்பாக்ஸே போய்விடும். பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வாடகை வாரண்டியில் சேர்த்தியா, எத்தனை கிலோமீட்டர் வரை என்று கேளுங்கள். நம் ஊருக்கு இந்தக் கேள்வி மற்றதைவிட முக்கியம். டீசல் வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வீட்டுக்கும் கடைத்தெருவுக்குமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சூடேறி ஓடினால்தான் கரி எரிந்து சுத்தமாகும். இந்த அடைப்பை "உபயோகித்த விதம்" என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் திட்டங்கள் உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு லட்சம் என்று சொன்ன திட்டத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 1,18,000. ஒரு பழுதுக்கு ஒன்றரை லட்சம்தான் தருவோம் என்று தாளில் உச்சவரம்பு இருந்து, கியர்பாக்ஸ் பில் நான்கு லட்சம் வந்தால், மீதி இரண்டரை லட்சம் உங்கள் பையிலிருந்துதான். அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் எடுத்த கணக்கெடுப்பில், இப்படிப்பட்ட திட்டம் வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் அதை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை!

அதனால் என் முடிவு இது. ஏர் சஸ்பென்ஷன், டர்போ டீசல், சிக்கலான கியர்பாக்ஸ் உள்ள வண்டி, முழு சர்வீஸ் ரெக்கார்டு, வாரண்டி தருவது கார் கம்பெனியே, உச்சவரம்பு வண்டி மதிப்புக்குப் பக்கத்தில் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேச வேண்டாம். முகம் தெரியாத கம்பெனியின் திட்டம், சின்ன உச்சவரம்பு, சென்னையில் மட்டும் ரிப்பேர் என்றால் அதே 1,18,000 ரூபாயை இந்தக் காருக்கென்று வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். பழுது வராவிட்டால் வட்டியோடு உங்களுக்கே. சர்வீஸ் ரெக்கார்டே இல்லை என்றால் வாரண்டிப் பேச்சே வேண்டாம், வண்டியை மாற்றுங்கள்.

வாங்குவது என்று ஆனால் இதையும் கேளுங்கள்! 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பழைய ஓனரின் இன்ஷூரன்ஸ் வண்டியோடு வரும், ஆனால் பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் வராது, அது ஆளுக்குச் சொந்தம். கம்பெனி வாரண்டியையும் உங்கள் பெயருக்கு மாற்றி எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன வாரண்டி எதுவும் கணக்கில் இல்லை.

கிளெய்மை அநியாயமாக மறுத்தால் சென்னைக்கோ மும்பைக்கோ ஓட வேண்டியதில்லை, தெரியுமா? 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் என்று தோன்றினால் மாநில ஆணையத்தில் அதையே கேள்வி கேட்கலாம். முதல் அடியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது வாரண்டித் தாள், மறுத்து எழுதிய கடிதம், சர்வீஸ் பில்கள் மூன்றும் கையில் இருக்கட்டும்.