ஒரு நொடியை நகலெடுப்பது

ஒரே பெட்டிக்குள் பத்து இருபது கணினிகள் குடியிருக்க முடியும் என்பது இன்று யாருக்கும் வியப்பாக இல்லை. ஒரு பெரிய கணினியைப் பல பயனர்களுக்குத் தனித்தனிக் கணினியாகக் காட்டும் விஎம்/370 என்ற அமைப்பை ஐபிஎம் 1972-இல் அறிவித்தது. விஎம்வேர் 1999-இல் அந்த வித்தையைச் சாதாரண மேசைக் கணினிக்கும் கொண்டுவந்தது. 2007-இல் கேவிஎம் லினக்ஸின் கருநிரலுக்குள்ளேயே இடம்பிடித்தது. இப்படிப்பட்ட மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸோ லினக்ஸோ முழுதாக ஓடுகிறது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அதன் டிஸ்க், பெரும்பாலும் சர்வரில் கிடக்கும் ஒரு பெரிய கோப்புதான். கோப்புதானே, தினமும் இரவு இரண்டு மணிக்கு வேறோர் இடத்துக்கு நகலெடுத்து வைத்தால் பேக்கப் முடிந்தது என்று தோன்றும். அவ்வளவு எளிய வேலை ஏன் இத்தனை முறை தோற்கிறது? நாம் உண்மையில் நகலெடுக்க நினைப்பது கோப்பின் ஒரு குறிப்பிட்ட நொடியை. அந்த நொடிக்கு, உள்ளே ஓடும் இயங்குதளமும், அதைத் தாங்கும் ஹைப்பர்வைசரும், டிஸ்க்கில் மீதமிருக்கும் இடமும், கடிகாரமும் ஒருசேர உடன்பட வேண்டும். பேக்கப் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த உடன்பாட்டில் விழும் விரிசல்களே. ஆகவே காரணத்தையும் அந்த வரிசையிலேயே தேட வேண்டும்.

ஒரு மொத்த வியாபாரக் கடையின் பேரேட்டை, கடை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் பார்த்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் பக்கத்தை அவர் எழுதி முடித்துவிட்டார். அதன்பிறகு கணக்குப்பிள்ளை அந்தப் பக்கத்தில் ஒரு பற்றும், அதற்கு ஈடாக நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரவும் எழுதுகிறார். பார்த்து எழுதுபவர் நாற்பதாம் பக்கத்துக்கு வரும்போது வரவு இருக்கிறது; அவர் கையில் உள்ள மூன்றாம் பக்கத்திலோ பற்று இல்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தால் பிழையில்லாத நகல், மொத்தமாகப் பார்த்தால் பொய்க் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தாலும் இதே கதிதான். இதற்குக் கண்டுபிடித்த வழி ஸ்னாப்ஷாட். குறித்த நொடியிலிருந்து பேரேட்டில் யாரும் கைவைக்கக் கூடாது. புதிய பதிவெல்லாம் தனித்தாளில் போகும். நகல் முடிந்ததும் தாளில் உள்ளதைப் பேரேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த நொடிக்குச் சற்று முன்பு, கணக்குப்பிள்ளை தன் மனத்தில் வைத்திருக்கும் கணக்கையும் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். அதாவது நினைவகத்தில் இருப்பது டிஸ்க்குக்கு வந்துசேர வேண்டும். அது நடக்காமல் எடுத்த நகல், ஓடும் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினால் எஞ்சும் டிஸ்க்கைப் போன்றது. அது மீண்டும் எழுந்து ஓடலாம். ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது.

முதல் விரிசல் இந்தப் பேனா வைக்கும் இடத்தில் விழுகிறது. விண்டோஸில் இந்த வேலையை ஒருங்கிணைப்பது வால்யூம் ஷேடோ காப்பி என்ற சேவை. விண்டோஸ் சர்வர் 2003 காலத்திலிருந்து இருந்துவருகிறது. தரவுத்தளம், மின்னஞ்சல் சர்வர் போன்ற ஒவ்வொரு மென்பொருளும் தன் பங்குக்கு ஒரு 'ரைட்டர்' வைத்திருக்கும். எழுதுவதை நிறுத்துங்கள் என்று கட்டளை வந்ததும் ரைட்டர்கள் எல்லாம் 60 விநாடிக்குள் உறைய வேண்டும். அதன்பின் டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்திப் பிடித்திருக்க அனுமதிக்கப்படும் நேரம் 10 விநாடி மட்டும். டிஸ்க் மெதுவாக இருந்தாலோ, அதே நேரத்தில் வைரஸ் தேடலோ விண்டோஸ் அப்டேட்டோ ஓடினாலோ கெடு தப்பிவிடும். லினக்ஸில் இதே வேலையை உள்ளே ஓடும் ஒரு சிறிய ஏஜென்ட் நிரல் செய்கிறது. அது நின்றுபோயிருந்தால் வெளியிலிருந்து வரும் கட்டளைக்குப் பதிலே வராது. தோல்விச் செய்தி பேக்கப் மென்பொருளின் திரையில்தான் தெரியும், காரணம் மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் என்பதே இங்குள்ள சிக்கல். பேக்கப் சர்வரின் லாக்கை எத்தனை முறை புரட்டினாலும் 'ஸ்னாப்ஷாட் எடுக்க முடியவில்லை' என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. இதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. பேக்கப் மென்பொருளை ஒதுக்கிவிட்டு, ஹைப்பர்வைசரிலிருந்து கையாலேயே ஒரு ஸ்னாப்ஷாட்டை உள்ளே உறையவைத்தும், இன்னொன்றை உறையவைக்காமலும் எடுத்துப் பார்க்க வேண்டும். முதலாவது தோற்று இரண்டாவது தேறினால் குற்றவாளி உள்ளே இருக்கிறான். இரண்டும் தோற்றால் கீழே, டிஸ்க்கில் தேட வேண்டும்.

டிஸ்க்கில் முதலில் பார்க்க வேண்டியது இடம். தனித்தாளில் எழுதும் காலம் நீள நீளத் தாள்கள் குவியும். நகல் முடிந்தபின் அவற்றைப் பேரேட்டில் ஏற்றும் வேலை பாதியில் நின்றுவிட்டால், குவிந்த தாள்கள் அப்படியே கிடக்கும். மறுநாள் இரவு அவற்றின்மேல் இன்னொரு அடுக்கு சேரும். விஎம்வேர் ஒரு சங்கிலியில் அதிகபட்சம் 32 ஸ்னாப்ஷாட்களை மட்டுமே ஆதரிக்கிறது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது. டிஸ்க் முழுவதும் நிரம்பினால் பேக்கப் மட்டுமல்ல, அதில் குடியிருக்கும் மெய்நிகர் கணினிகளே நின்றுவிடக்கூடும். பாதியில் அறுந்த வேலை வேறொரு தடயத்தையும் விட்டுச்செல்லும். பேக்கப் நடப்பதாகச் சொல்லும் பூட்டு ஒன்று மெய்நிகர் கணினியின் மீது தொங்கிக்கொண்டே இருக்கும். பிராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இதை நன்கு அறிவார்கள். பூட்டை ஒரே கட்டளையில் நீக்கிவிடலாம். ஆனால் பழைய வேலை உண்மையிலேயே செத்துவிட்டதா, இன்னும் பின்னணியில் எழுதிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே நீக்க வேண்டும். அதேபோல், அனாதையாகத் தெரியும் ஸ்னாப்ஷாட் கோப்பை வெறும் கோப்பாக எண்ணி அழிப்பவர், பேரேட்டில் ஏறாத பல நாள் கணக்கைக் கிழித்துப் போடுகிறார்.

அடுத்து நேரம். விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள வலையில் நடைமுறையில் சுமார் 110 மெகாபைட் போகும். அந்த வேகத்தில் 2 டெராபைட் நகர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 3 டெராபைட் என்றால் ஏழரை மணி நேரத்துக்கு மேல். தினமும் அவ்வளவையும் அனுப்பாமல், மாறிய பகுதிகளை மட்டும் குறித்துவைத்து அனுப்பும் வசதி விஎம்வேரில் 2009 முதல் இருக்கிறது. அந்த 3 டெராபைட்டில் 50 கிகாபைட் மட்டுமே மாறியிருந்தால் வேலை எட்டு நிமிடத்தில் முடியும். ஆனால் மின்தடையில் சர்வர் திடீரென அணைந்தால் அந்தக் குறிப்பு செல்லாததாகிவிடலாம். அன்றிரவு டிஸ்க் முழுவதையும் மீண்டும் படித்தாக வேண்டும். எட்டு நிமிட வேலை விடிந்தும் முடியாது. கடிகாரத்தின் நேரமண்டலம் இன்னொரு பொறி. சர்வரின் கடிகாரம் உலகப் பொதுநேரத்தில் இருந்தால், 'இரவு 2 மணி' என்று குறித்த வேலை இந்தியாவில் காலை 7:30-க்குத் தொடங்கும். ஐந்து மணி நேர வேலையானால் அலுவலகம் சூடுபிடித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். இவற்றோடு காலாவதியான கடவுச்சொல், மாற்றப்பட்ட ஐபி முகவரி, புதிய ஃபயர்வால் விதி என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு: கடைசியாக வெற்றி பெற்ற இரவுக்கும் முதலில் தோற்ற இரவுக்கும் நடுவே எது மாறியது? இதற்கு விடை தேடுபவர், பிழை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு அலைபவரைவிட விரைவில் கரை சேர்வார்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, காலையில் மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் தேறிவிடுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஒருநாள் வலை தடுமாறியதற்காக யாரும் புலனாய்வு நடத்த வேண்டியதில்லை. ஆனால் இரவில் தோற்றது பகலில் தேறுகிறது என்பதே ஒரு தடயம். நிரலும் அனுமதிகளும் அநேகமாகச் சரி, அந்த நேரத்தில் வேறு ஏதோ மோதுகிறது என்று அது சொல்கிறது. எல்லா மெய்நிகர் கணினிகளையும் ஒரே மணிக்கு உறையச் சொன்னால், ஒரே டிஸ்க்கை எல்லாரும் இழுக்க, பலருக்கும் கெடு தப்பும். தொடக்க நேரங்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளித் தள்ளி வைப்பதே போதுமான மருந்தாகலாம். மறுபடி ஓட்டுவதையே வழக்கமாக்கிக்கொண்டால் அந்தத் தடயம் ஒவ்வொரு நாளும் அழிகிறது. ஸ்னாப்ஷாட்டே இருக்கும்போது தனி நகல் எதற்கு என்பது இன்னொரு வாதம். தனித்தாள் பேரேட்டை நம்பியே இருக்கிறது. பேரேடு எரிந்தால் தாளுக்குப் பொருள் இல்லை.

வலுவான எதிர்வாதம் ஒன்றும் இருக்கிறது. தோற்றால்தான் மென்பொருளே சொல்லிவிடுமே, சிவப்பு வரும்போது பார்த்துக்கொண்டால் போதாதா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதற்குப் பதில். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 கிகாபைட். பேக்கப்பைத் தேடினால் அது இருக்க வேண்டிய இடம் காலி. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த நிரலோ 9.2, அதனால் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் முறையாகக் கையொப்பமிடப்படாததால், பெறும் சர்வரே அவற்றைத் திருப்பிவிட்டது. சிவப்பு எரிந்தது; பார்க்கத்தான் கண்ணாடி இல்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் அவர்களைக் காப்பாற்றியது. ஆனாலும் இடைப்பட்ட நேரத்துத் தரவு போயிற்று. பச்சை எரிந்தும் ஏமாறிய கதையும் உண்டு. டிஸ்க்கை 128 கிகாபைட் எல்லையைத் தாண்டி விரிவாக்கினால், மாறிய பகுதிகளின் பட்டியலையே தவறாகத் தரும் பிழை விஎம்வேரில் இருந்தது 2014-இல் வெளிப்பட்டது. பேக்கப் வேலை வெற்றி என்றே முடியும். மீட்கும்போதுதான் ஓட்டை தெரியும்.

ஆகவே தோல்விச் செய்தி வருவதை ஒரு வகையில் நற்செய்தியாகவே கொள்ளலாம். உடன்பாடு எங்கோ அறுந்தது என்று யாரோ வாய்திறந்து சொல்கிறார்கள். தோல்வியை மட்டும் மின்னஞ்சலில் கேட்பதைவிட, வெற்றிச் செய்தி வராத நாளில் மணியடிக்கும் ஏற்பாடு பாதுகாப்பானது. செய்தி சொல்பவனே செத்தாலும் அது வேலை செய்யும். மீட்டெடுத்துப் பார்க்க நேரமும் இடமும் எங்கே இருக்கிறது என்பார்கள். எல்லாவற்றையும் ஒவ்வோர் இரவும் மீட்கத் தேவையில்லை. வாரம் ஒரு மெய்நிகர் கணினியை, வலையிலிருந்து துண்டித்த தனியிடத்தில் எழுப்பி, உள்ளே நுழைந்து, தரவுத்தளம் கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்று பார்த்தால் போதும். அரை டஜன் கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஒன்றரை மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். பேரேட்டைப் பார்த்து எழுதியவரின் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு நல்ல கணக்குப்பிள்ளை பற்றையும் வரவையும் தனித்தனியே கூட்டிப் பார்க்காமல் அந்த நகலைப் பெட்டிக்குள் வைக்கமாட்டார்.