ரோமானியச் சிப்பாயை வீட்டுக்குள் கூப்பிட்ட பையன்

என் அக்கா பையனுக்குப் பன்னிரண்டாவது பிறந்த நாள் வந்தது. ‘‘என்னடா வேணும்?’’ என்று போனில் கேட்டேன். ‘‘புக்கு மாமா’’ என்றான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று கண் வைத்துவிடாதீர்கள். கூடவே கண்டிஷனும் போட்டான். ‘‘ரோம் இருக்கணும், கத்திச் சண்டை இருக்கணும். சிங்கம் இருந்தா டபுள் ஓகே!’’

ஆபீஸ் விட்டதும் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு குவியலைக் காட்டி, ‘‘நீங்களே தேடிக்குங்க சார்’’ என்றார். சமையல் குறிப்புக்கும் கம்ப்யூட்டர் புத்தகத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது அது. ‘தி பிரான்ஸ் போ’. வெண்கல வில். அறுபது சொன்னார், நாற்பதுக்கு முடித்தேன்.

எழுதியவர் எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் என்ற அமெரிக்க அம்மணி. புத்தகம் வந்தது 1961ல். அடுத்த வருஷமே நியூபெரி மெடல் வாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் சிறுவர் புத்தகங்களுக்குக் கொடுக்கிற பெரிய மரியாதை அது. இந்த அம்மணி 1959லேயே வேறொரு நாவலுக்காக அதை ஒரு தடவை வாங்கி வைத்திருந்தவர்.

பையனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நாலு பக்கம் புரட்டிப் பார்ப்போமே என்று மின்சார ரயிலில் பிரித்தேன். நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய், அடுத்ததும் போய்விட்டது.

காரணம் இருக்கிறது. அப்போது எனக்கும் ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஏழு மாசம். பிரமோஷன் லிஸ்ட்டில் என் பேர் விட்டுப் போனதற்கு அவர் மேலிடத்தில் போட்டுக் கொடுத்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று எனக்கு உறுதி. ஃபைல் தருவதென்றால்கூட அட்டெண்டர் வழியாகத்தான் தருவேன். இரண்டு மேஜைக்கும் நடுவே தூரம் இரண்டடி! ராத்திரி படுத்தால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வசனமாக ஒத்திகை பார்ப்பேன். ஒரு நாள் அம்மா பதறிப்போய் லைட்டைப் போட்டு, ‘‘யாரோடப்பா பேசிட்டிருக்கே?’’ என்றாள்.

இந்த லட்சணத்தில் இருக்கிறவன் கையில் இந்தப் புத்தகம் கிடைத்தால்?

கதாநாயகன் பேர் டேனியல். பதினெட்டு வயசு. இயேசு நடமாடிய காலத்துக் கலிலேயாதான் களம். அப்பாவை ரோமானியர்கள் சிலுவையில் அறைந்துவிட்டார்கள். அந்தத் துயரத்திலேயே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருப்பது பாட்டியும் லேயா என்ற தங்கச்சியும். கொல்லனிடம் வேலைக்கு விடப்பட்ட டேனியல், அந்த ஆளின் கொடுமை தாங்காமல் மலைக்கு ஓடி, ரோஷ் என்ற கிளர்ச்சித் தலைவனின் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறான். ரோமானியன் ஒவ்வொருவனையும் ஒழித்துக் கட்டுவதுதான் அவன் லட்சியம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு சமயம் ரோமானியச் சிப்பாயிடம் வம்பிழுத்து, ஈட்டிக் காயத்தோடு தப்பி ஓடுகிறான். ஜோயல், தேசியா என்று இரட்டைப் பிள்ளைகள், அண்ணனும் தங்கையும், தங்கள் வீட்டிலேயே அவனை ஒளித்து வைத்து மருந்து போடுகிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து சபதம் எடுக்கிறார்கள். சபதத்தின் அடையாளம்தான் வெண்கல வில். பைபிளில் 18ஆம் சங்கீதத்தில் வருகிற வில் அது. மனுஷன் கையால் வளைக்க முடியாத வில்.

இதெல்லாம் அம்மணியின் கற்பனை உபயம் என்று நினைத்துவிட வேண்டாம். ரோமானியத் தளபதி பாம்பே ஜெருசலேமைப் பிடித்தது கி.மு. 63ல். கி.மு. 4ல் கிழவர் ஏரோது மன்னர் செத்ததும் கலகம் வெடித்தது. நாசரேத்துக்குப் பக்கத்து ஊரான செப்போரிஸைக் கொளுத்தினார்கள். சிரியாவிலிருந்து படையோடு வந்த வாரஸ், ஏறக்குறைய 2000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று யூத சரித்திர ஆசிரியர் ஜோசிஃபஸ் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 6ல் ரோம் வரிக்காகக் குடிக்கணக்கு எடுத்தபோது கலிலேயாக்காரன் யூதாஸ் என்பவன் மறுபடி கொடி பிடித்தான். (காட்டிக் கொடுத்த யூதாஸ் வேறு.) டேனியல் மாதிரிப் பையன்கள் அந்த மண்ணில் நிஜமாகவே இருந்திருப்பார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நாவலில் தெருவுக்குத் தெரு ரோமானியச் சிப்பாய்கள் திரிகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கலிலேயாவை ஆண்டவன் ஏரோது மகன் அந்திப்பாஸ். கி.மு. 4லிருந்து கி.பி. 39 வரை அவன் ராஜ்ஜியம்தான். ரோமானிய லீஜியன்கள் முகாம் போட்டிருந்தது வடக்கே சிரியாவில். சரித்திர வாத்தியார் திருத்தினால் அம்மணிக்கு இந்த இடத்தில் மார்க் குறையும். கதைக்கு வில்லன் கண்ணெதிரே நிற்க வேண்டுமே, என்ன செய்வார்!

இந்த ரகக் கதைகளுக்கென்று ஒரு பழைய ஃபார்முலா உண்டு. ரோமானியன் கெட்டவன், கிறிஸ்தவன் சாது, கடைசியில் சிங்கம். கார்டினல் வைஸ்மன் எழுதிய ‘ஃபேபியோலா’ வந்தது 1854ல். 1880ல் ‘பென்ஹர்’ வந்தது. எழுதியவர் லூ வாலஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரலாக இருந்தவர். 1896ல் போலந்துக்காரர் சியன்கியேவிச்சின் ‘க்வோ வாடிஸ்’. நீரோ காலத்து ரோம். இவையெல்லாம் பெரியவர்களுக்காக எழுதியவை என்றாலும் பையன்கள் விடுவார்களா? பென்ஹர் 1959ல் படமாக வந்து 11 ஆஸ்கரை அள்ளிக்கொண்டு போனதே, அதில் உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? தேர்ப் பந்தயம்தானே? மெஸாலா தேரிலிருந்து விழுந்து உருண்டதும், ‘நல்லா வேணும்டா’ என்று நாம் திருப்திப்பட்டுவிட்டோம். அதற்கப்புறம் அந்தக் கதையில் மன்னிப்பு என்று ஒரு சமாச்சாரம் வருகிறது. யாருக்கு ஞாபகம்!

சமீப காலத்தில் கரோலின் லாரன்ஸ் என்பவர் 2001லிருந்து 2009 வரை ‘ரோமன் மிஸ்டரீஸ்’ என்று 17 துப்பறியும் நாவல்கள் எழுதித் தள்ளியிருக்கிறார். கப்பல் கேப்டன் மகள் ஃப்ளேவியா, பக்கத்து வீட்டு யூதப் பையன் ஜோனத்தன், ஃப்ளேவியா சந்தையில் விலை கொடுத்து மீட்டு வந்த ஆப்பிரிக்க அடிமைப் பெண் நூபியா, நாக்கு அறுபட்ட பிச்சைக்காரப் பையன் லூபஸ். இந்த நாலு வாண்டுகளும் கி.பி. 79ல் ஆரம்பித்து வெசுவியஸ் எரிமலை, கொலோசியம் திறப்பு விழா என்று ஒன்றையும் விடுவதில்லை. ஜோனத்தன் வீட்டார் இயேசுவை ஏற்றுக்கொண்ட யூதர்கள். அதை ஒரு பெரிய விஷயமாக்காமல், பக்கத்து வீட்டுக்காரர்கள் பழக்க வழக்கம் மாதிரி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். சிங்கப் பிரியர்களுக்கு இந்த வரிசைதான் சரி. நான் வாங்கியது வேறு.

டேனியலுக்கு வருவோம். பாட்டி இறந்து போகிறாள். தங்கச்சியைக் கவனிக்க ஆள் இல்லை. மலையை விட்டு ஊருக்குள் வந்து, சைமன் என்பவரின் கொல்லுப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். சைமன்தான் இயேசுவின் பின்னால் போய்விட்டாரே! பன்னிரண்டு சீடர்களில் ‘செலோத்தே’ என்று அடைமொழியோடு வரும் அந்த சைமனைக் கொல்லராக்கியது அம்மணியின் கைவண்ணம்.

தங்கச்சி லேயா சிறு வயசில் அந்தச் சிலுவைகளைப் பார்த்தவள். அந்தப் பயத்தில் வீட்டு வாசலைத் தாண்டாமலே வளர்கிறாள். தறியில் உட்கார்ந்து நெய்வதோடு சரி. ஜனங்கள் அவளைப் பேய் பிடித்தவள் என்கிறார்கள். பட்டறைக்கு வேலையாக வந்துபோகிற மார்க்கஸ் என்ற இளம் சிப்பாய், யாருக்கும் தெரியாமல் அவளோடு நாலு வார்த்தை பேசுகிறான். அவனும் ரோமாபுரிக்காரன் இல்லை. ரோம் ஜெயித்த வேறொரு நாட்டுப் பையன். வீட்டு ஞாபகத்தில் தவிக்கிறவன். அவனோடு பேசப் பேச லேயா கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறாள்.

அண்ணனுக்கு ஒரு நாள் விஷயம் தெரிகிறது. கத்துகிறான் பாருங்கள்! அதோடு அந்தப் பெண் பழையபடி சுருண்டுவிடுகிறாள். பேச்சில்லை. சாப்பாடில்லை. ரோமின் மேல் வைத்த கோபம் ஒரு ரோமானியன் மேலும் விழவில்லை. சொந்தத் தங்கச்சி தலையில் விழுந்தது.

எனக்கு அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது. முந்தின வாரம் ஆபீஸ் எரிச்சலைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து, தோசை கருகிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாலு நாள் ‘சாப்பிட வா’ என்பதைத் தவிர வேறு பேச்சும் இல்லை.

நாவலில் இயேசு அடிக்கடி மேடையேறிப் பேசுவதில்லை. கப்பர்நகூம் கடற்கரைக் கூட்டத்தில் தூரத்தில் தெரிவார், களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். டேனியல் அவரைத் தளபதியாக்கப் பார்க்கிறான். அவர் வாளைத் தொட மறுக்கிறார். வெறுப்புதான் உன் எதிரி என்கிற மாதிரி சொல்கிறார். இவனுக்கு எரிச்சல்தான் வருகிறது. நம்பிய தலைவன் ரோஷ், கூட்டாளி ஜோயலை ரோமானியர் பிடித்தபோது ஒரு விரலை அசைக்க மறுத்துக் கைவிட்டாயிற்று. அதிலும் பையனுக்குப் புத்தி வரவில்லை. லேயா சாகக் கிடக்கும்போதுதான் இயேசு அந்த வீட்டு வாசலுக்கு வருகிறார். அவள் பிழைக்கிறாள்.

இதோடு விட்டிருந்தால் சாதாரண பக்திக் கதை. ஆனால் மார்க்கஸ் தெருவில் நிற்கிறான். அவனுக்கு டிரான்ஸ்பர் ஆகிவிட்டது. போகிறதற்குள் லேயாவை ஒரு தடவை பார்க்க வேண்டும். டேனியல் அவனைப் பார்த்து, உள்ளே வாயேன் என்று கூப்பிடுகிறான். யூதன் வீட்டுக்குள் ரோமானியச் சிப்பாய்! கட்டிப் பிடித்து அழுகை கிடையாது, கல்யாணம் கிடையாது. கதை அங்கேயே முடிகிறது.

ரோம் அதற்காக மனம் மாறிவிடவில்லை. கி.பி. 66ல் ரோஷ் மாதிரி ஆட்கள் நிஜமாகவே யுத்தத்தில் குதித்தார்கள். 70ல் டைட்டஸ் ஜெருசலேம் ஆலயத்தைத் தரைமட்டமாக்கினான். அங்கே கொள்ளையடித்த ஏழு கிளை விளக்கைச் சிப்பாய்கள் சுமந்து போகிற சிற்பம் ரோமில் டைட்டஸ் வளைவில் இன்றும் இருக்கிறது. இது தெரிந்து படிக்கிறபோது அந்தக் கடைசிப் பக்கம் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மறுநாள் லஞ்ச் டைமில் மிச்சப் பக்கங்களை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டிலிருந்து ஒரு செருமல்.

‘‘என்ன சார் புக்கு, இவ்வளவு சீரியஸா?’’

ஏழு மாச ஒத்திகையில் ஒரு வசனம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. ‘‘ரோம் கதை சார். பாக்கறீங்களா?’’ என்று நீட்டிவிட்டேன். அட்டெண்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிரமோஷன் விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. புத்தகம் திரும்பி வர நாலு நாள் ஆனது. பிறந்த நாள் முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அக்கா பையன் போன் செய்தான்.

‘‘சிங்கமே இல்ல மாமா. ஏமாத்திட்டீங்க.’’

‘‘சாரிடா.’’

‘‘ஆனா நல்லாருக்கு. அந்த மார்க்கஸ் உள்ள போனப்புறம் என்ன ஆச்சு?’’

‘‘புக்குல இல்லையே. நீ என்ன நெனைக்கிறே?’’

கொஞ்சம் யோசித்தான். ‘‘மொதல்ல தண்ணி குடுத்திருப்பாங்க. எவ்வளவு நேரமா வெளியவே நின்னுட்டிருந்தான், பாவம்!’’ என்றான். ‘‘அது சரி மாமா, நடுவுல ஒரு பக்கம் பூரா எண்ணெய்க் கறையா இருக்கே. வடை சாப்பிட்டுக்கிட்டே படிச்சீங்களா?’’

‘‘நான் இல்லடா. எங்க பக்கத்து சீட்டு சார்!’’